யாருடைய உதவியும் இல்லாமல்

'இந்தச் சாய்தளத்தில் யாருடைய உதவியும் இல்லாமல் நானே என் சக்கர நாற்காலியில் ஏறி அலுவலகத்துக்குள் சென்றேன். எனக்கு இது மிகவும் வசதியாக இருக்கிறது.'

கன்னடத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தில் உள்ள இரண்டு வாக்கியங்களை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். கீழே இருக்கும் கையெழுத்து என் நண்பனுடையது. வாக்கியங்கள் என்னுடையவை. அவன் அந்தச் சாய்தளத்தில் ஒருநாளும் தானாக ஏறியதில்லை. அதில் எவரும் தானாக ஏற முடியாது என்பது, அதைக் கட்டுவதை மேற்பார்வை பார்த்த பொறியாளனாகிய எனக்கு அன்றே தெரியும்.

ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

என் நண்பன் மனு எழுதுபவன். அல்சூர் பக்கம் உள்ள ஓர் அரசு அலுவலகத்தின் காம்பவுண்டுக்குள், தூங்குமூஞ்சி மரத்தடியில், ஒரு மடக்கு மேசையும் தட்டச்சு இயந்திரமும் வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம் என்று ஜனங்கள் நாள் முழுதும் வந்து போகும் இடம் அது. மர்பி டவுனிலிருந்தும் பிரேசர் டவுனிலிருந்தும் வரும் தமிழர்களில் கன்னடம் சரளமாகப் பேசினாலும் எழுத வராதவர்கள் அதிகம். அவர்கள் நேராக அவன் மேசைக்குத்தான் வருவார்கள்.

"மூணாவது ஜன்னலுக்குப் போ. கண்ணாடி போட்ட அம்மா இருக்கும். நல்ல அம்மா, ஆனா பன்னெண்டரைக்கு மேல கடுப்பாயிடும், இப்பவே ஓடு" என்று வழி சொல்லுவான். எந்த அறையில் எந்தப் பதிவேடு, எந்த குமாஸ்தாவுக்கு எப்போது டீ வரும் என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள் அவன் போனதே இல்லை. வாசலில் ஏழு படிகள் இருந்தன.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவனுக்கு இரண்டு கால்களும் போய்விட்டன. நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். எங்கள் இருவரின் அப்பாக்களும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. காலையில் நான் அவனை முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய் விடுவேன், மணி அடித்ததும் கீழே இறக்கி வருவேன். ஒருநாள் கடைசி வகுப்பு முடிவதற்குள் மைதானத்தில் ஒரு புட்பால் மேட்ச் ஆரம்பித்துவிட்டது. நான் படியிறங்கி ஓடியவன், அவன் நினைவு வராமல் மேட்ச் முடிந்து நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். கதவைப் பூட்ட வந்த வாட்ச்மேன் இருட்டும் நேரத்தில் அவனைக் கண்டெடுத்தார். அதற்குள் அவன் கால்சட்டையை நனைத்திருந்தான்.

தன்னை விட்டுவிட்டுப் போனது யார் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான் முதுகைக் காட்டிக் குனிந்தபோது, "வேணாம்டா. இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. யாரோட உதவியும் இல்லாம போறதுன்னா போறேன், இல்லன்னா போகல" என்றான். முதல் படியில் திரும்பி உட்கார்ந்தான். கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினான். புத்தகப் பையைப் பல்லில் கடித்திருந்தான். பள்ளி முடியும்வரை அப்படித்தான் ஏறினான்.

பெரியவனான பிறகு இந்த அலுவலக வாசலிலும் அப்படி ஏறலாமே என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். சிரித்தான். "கஸ்டமருங்க எதிர்ல பின்னால தேச்சிக்கினு ஏறினா, அப்புறம் எவன்டா என்கிட்ட மனு எழுதுவான்? இவனுக்கே ஒருத்தன் மனு எழுதணும்பான்."

அவனிடம் பக்கத்துச் சக்கரங்கள் வைத்த ஸ்கூட்டர் உண்டு. அதில் காலையில் வந்து மரத்தடியில் நிறுத்துவான். அவனுடைய சக்கர நாற்காலி எதிரிலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரவு தங்கும். கடைக்காரர் அதை உருட்டி வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் விடுவார். அவன் தானே கையூன்றி மாறிக்கொள்வான். அவர் உதவிக்குக் கை நீட்டினால் அந்தக் கையில் தன் டிபன் பாக்ஸைக் கொடுப்பான்.

ஒருநாள் என்னிடம், "உள்ள இருந்து ஃபேன் சத்தம் வருதே, ஹால்ல எத்தினி ஃபேன் இருக்குது?" என்று கேட்டான். நான் வேலை நிமித்தமாக அந்த அலுவலகத்துக்குள் அடிக்கடி போய் வருபவன். "ஆறு இருக்கும்" என்றேன். எண்ணிப் பார்க்காமல் சொன்னது.

அரசுக் கட்டிடங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகள் நுழைய வழி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, எங்கள் பிரிவுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதில் அவனுடைய அலுவலகம் இருந்தது. இதை அவனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போனேன். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. பின்னால் செய்த காரியத்தை நினைக்கும்போது அதுவும் பொய்யாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

அவன் சாக்கட்டி கேட்டான். ஜெராக்ஸ் கடையில் வாங்கிக் கொடுத்தேன். நாற்காலியில் இருந்தபடியே குனிந்து தரையில் கோடு போட்டான்.

"ஏழு படி, மூணரை அடி உயரம். ஒரு அடிக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்னு நீதான சொன்ன. அப்போ நாப்பத்திரெண்டு அடி. நேரா போட இடம் இல்ல. இங்க ஆரம்பிச்சு, கார் ஷெட் பக்கமா போயி, அங்க ஒரு திருப்பம். திருப்பத்துல அஞ்சடிக்கு அஞ்சடி சமமா விடு. நான் நின்னு மூச்சு வாங்கணும், வயசாயிடுச்சில்ல."

"கைப்பிடி ரெண்டு பக்கமும் போட்டுடறேன்."

"வழுவழுன்னு டைல்ஸ் ஒட்டிடாத, புண்ணியமாப் போவும். உங்க ஆளுங்களுக்கு டைல்ஸ்னா பைத்தியம்."

அந்தக் கோட்டை அளந்துகொண்டு வந்துதான் வரைபடம் போட்டேன். என் முப்பத்துச் சொச்ச வருட வேலையில் நான் வரைந்த மிக நல்ல வரைபடம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கட்டிடத்தைப் புதுப்பித்த பிறகு மனு எழுதுபவர்களுக்கு உள்ளேயே ஹாலில் மேசை தருவதாகப் பேச்சு இருந்தது. வெளியே மரத்தடி மேசைகளை எடுத்துவிடுவார்கள். ஆகவே இந்தச் சாய்தளம் அவனுக்கு ஒரு சௌகரியம் மட்டுமல்ல. அது சரியாக அமைந்தால் உள்ளே அவனுக்கு ஓர் இடம் உண்டு. அமையாவிட்டால் வெளியே இருக்கும் இடமும் போய்விடும். இது எனக்குத் தெரியும்.

வரைபடத்தை என் மேலதிகாரி பார்த்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கார் ஷெட்டை இடிக்க வேண்டியிருக்கும் என்பதை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அலுவலகத்துத் தலைமை அதிகாரியின் கார் நிற்கும் ஷெட் அது.

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார் கன்னடத்தில். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க. நேரா பதினாலு அடியில முடிச்சிடுங்க. திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்தாச்சு. ஒப்பந்தக்காரருக்கு இரண்டு வருஷம் உத்தரவாதக் காலம் இருக்கே, அதுக்குள்ள உடைச்சு ஒழுங்கா கட்டிக்கலாம்."

நான் வாதாடினேன் என்று எழுத ஆசை. இரண்டு வாக்கியம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு ரிடயர்மென்ட் இன்னும் மூணு மாசம்தானே?" என்று மட்டும் கேட்டார். அது மிரட்டல் அல்ல, நலம் விசாரிப்புதான். ஆனால் முடிக்காத வேலை ஒன்று என் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தால் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கோப்பு என்னைத் துரத்தும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை, நான் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

பதினாலு அடியில் கட்டினார்கள். ஓரடி உயரத்துக்கு நான்கு அடி நீளம். லாரியில் பைக் ஏற்றுவதற்குப் பலகை சாய்ப்பார்களே, அந்தச் சரிவு. மேலே பளபளவென்று டைல்ஸ்.

அவன் நாற்காலியை உருட்டி வந்து அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாடா இது, சறுக்கு மரம் கட்டியிருக்க? கப்பன் பார்க்குல வெக்க வேண்டியத இங்க வெச்சிட்டாங்களா?"

நான் உத்தரவாதக் காலக் கதையைச் சொன்னேன். விழா முடியட்டும், நான் குறைகளை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், உடைத்து உன் வரைபடப்படியே கட்டுவார்கள் என்றேன். அதை அப்போது நம்பினேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பாதி நம்பினேன். மீதிப் பாதியைப் பற்றி யோசிக்காமல் இருந்தேன்.

"நீ எழுதிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"அப்போ சரி" என்றான். அவ்வளவுதான்.

விழாவுக்கு முந்தின நாள் மேலதிகாரி கூப்பிட்டார். சாய்தளத்தில் ஒரு மாற்றுத்திறனாளி இருக்கிற மாதிரி போட்டோ வேண்டும், அவருக்கு மேடையிலேயே மரியாதையும் செய்துவிடலாம் என்றார். எனக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். உண்டு என்று சொன்னேன்.

அவனிடம் போய்க் கேட்டேன். தூக்கித்தான் மேலே வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். அவன் தட்டச்சு இயந்திரத்தின் உறையை மடித்துக்கொண்டிருந்தான். மடித்து முடித்தான்.

"உனக்கு வேணுமா?"

"எனக்கு வேணும்டா. ஒரே ஒரு தடவை."

"அம்பது வருஷமாச்சு" என்றான். மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

இரண்டு கொத்தனார்கள் நாற்காலியோடு அவனைத் தூக்கி மேலே வைத்தார்கள். இங்கே ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் தலையில் மைசூர் பேட்டா என்னும் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, கழுத்தில் சந்தன மாலை போடுவார்கள். தூக்குவதற்கு முன்பே பேட்டாவை வைத்துவிட்டதால் தூக்கும்போது அது அவன் கண்ணை மறைத்து இறங்கியது. இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்திருந்ததால் அவனால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வைத்த பிறகு ஒருவர் பேட்டாவை நிமிர்த்திவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் கதவுக்கு வெளியே, மேல்தளத்தில் இருந்தான். உள்ளே கூட்டிப்போவார்கள் என்று தலையைத் திருப்பி ஹாலைப் பார்த்தான். ஆனால் விருந்தினர்களுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. போட்டோ எடுத்ததும் அவனைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அந்த போட்டோவின் ஓரத்தில், சிமெண்ட் காய்ந்த ஒரு கொத்தனாரின் முழங்கை விழுந்திருந்தது. அதை வெட்டிவிடச் சொன்னவன் நான்.

அன்றைக்கே அவனிடம் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினேன். "விழாவுக்கு வந்ததுக்கு ஒரு லெட்டர் வேணுமாம். நான் டைப் பண்ணிக்கறேன், நீ கீழ போட்டுடு" என்றேன். ஒரு மனு எழுதுபவனிடம் போய் இப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. தேதிகூடப் போடாமல் கையெழுத்திட்டான். பேட்டாவை மடியில் வைத்துக்கொண்டு, "இத வீட்டுக்கு எடுத்துனு போலாமா, திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டான்.

மறுநாள் அலுவலகத்தில், பயனாளி சோதனை செய்து திருப்தி தெரிவித்தார் என்று காட்ட ஒரு கடிதம் கோப்பில் தேவைப்பட்டது. அந்தத் தாளை எடுத்தேன். 'வசதியாக இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் கோப்புக்குப் போதும். ஆனால் வாக்கியம் வலுவாக இருக்க வேண்டும் என்று யோசித்தேன். நான் நன்றாக எழுதத் தெரிந்தவன் என்ற கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. 'யாருடைய உதவியும் இல்லாமல்' என்ற சொற்கள் தாமாக வந்து விழுந்தன. எங்கிருந்து வந்தன என்று அப்போது தெரியவில்லை.

குறைகளைப் பற்றிய குறிப்பை நான் எழுதவே இல்லை. மேலதிகாரி மாற்றலாகிப் போனார். ஒப்பந்தக்காரர் இரண்டு வருடம் அமைதியாக இருந்து உத்தரவாதக் காலத்தைக் கடந்துவிட்டார். என்னையும் ஏமாற்றினார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. சில நாட்கள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். நிற்கவில்லை. அவர்கள் கொடுத்த வாக்கு எனக்கு. நான் கொடுத்தது அவனுக்கு.

ஓய்வு பெற்ற நாளில் எனக்கும் பேட்டா வைத்தார்கள்.

பிறகு ஒருநாள் மரத்தடி மேசைகளை எல்லாம் எடுக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். மனு எழுதும் மற்ற நான்கு பேர் உள்ளே ஹாலுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் மரத்தடியில் இருந்தான். சாய்தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை, திருத்திக் கட்டும்வரை வெளியே உட்கார அனுமதிக்க வேண்டும் என்று தனக்காக ஒரு மனு எழுதினான். அடுத்தவர்களுக்காக ஆயிரக்கணக்கில் எழுதியவன், தனக்கென்று எழுதிய முதல் மனு அதுதான் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னால் என்னிடம் சொன்னார்.

பதில் வந்தது. 'மனுதாரரே இச்சாய்தளத்தைச் சோதித்து எழுத்துமூலம் திருப்தி தெரிவித்துள்ளார்' என்று ஒரு வரி. அத்துடன் இரண்டு நகல்கள். ஒன்று போட்டோ. இன்னொன்று கடிதம்.

அவன் என் வீட்டுக்கு வந்தான். என் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் என் மனைவி வழக்கம்போல டீ போட உள்ளே போனாள். அவன் எப்போது வந்தாலும் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியேதான் பேசுவான், டீ அங்கேயே போகும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். 'உள்ள வாடா' என்று நான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுவேன். 'இருக்கட்டும்டா' என்று அவன் ஒவ்வொரு முறையும் சொல்வான். இருபது வருடத்துக்கு மேல் இது எங்களுக்குள் ஒரு வழக்கமாக இருந்தது. நான் கட்டிய வீடு, நான் போட்ட படிகள்.

தாளை நீட்டினான்.

"இது யாரு எழுதினது?"

"டிபார்ட்மென்ட்ல..."

"டிபார்ட்மென்டுக்குக் கை இருக்குதா?"

"நான்தான்."

"படி."

"டேய், விடு..."

"நான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். நீ காட்டலையே. இப்ப படி. சத்தமா."

படித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நின்று கேட்டார். இரண்டு வாக்கியங்கள்தான். முதலாவதைப் படிக்கும்போதுதான் அந்தச் சொற்கள் யாருடையவை என்பது எனக்குப் புரிந்தது. எட்டாம் வகுப்பில், மாடிப்படியின் அடியில், என் குனிந்த முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்ட சொற்கள்.

"வசதியா இருக்குதுன்னு எழுதின பாரு, அது சரி. அரசாங்கப் பொய். நானே அந்த மாதிரி நிறைய பாத்துட்டேன். யாரோட உதவியும் இல்லாமன்னு ஏன்டா எழுதின? அது என்னோடதுடா. உன்னோடது இல்ல."

தாளைத் திருப்பி நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

"வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாத, கைநாட்டு வெக்காதன்னு எத்தினி பேருக்குச் சொல்லியிருப்பேன். நீ எழுது சாமி, உன்ன நம்பறேன்னு கிழவிங்க சொல்லும். விடமாட்டேன். திட்டியாவது உக்கார வெச்சு, முழுசா படிச்சுக் காட்டுவேன். உனக்கு மட்டும் போட்டேன்." தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "அன்னிக்கு மேட்ச்ல யாருடா ஜெயிச்சது? இத்தினி வருஷமா கேக்கணும்னு நெனச்சுக்கினே இருந்தேன்."

எனக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

என் மனைவி டம்ளரோடு வந்தாள். "வேணாம் தங்கச்சி. உன்மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினான். சந்து குறுகலானது. பக்கத்துச் சக்கரங்கள் இருப்பதால் அவன் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த்தான் திருப்ப வேண்டும். நான் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருந்தால் ஒரே முறையில் திரும்பியிருக்கும். கை வைக்கவில்லை. அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

அதற்குப் பிறகு நான் ஆறு மாதம் ஒன்றும் செய்யவில்லை. இதையும் எழுதியாக வேண்டும். பயந்தேன், சர்க்கரை ஏறியது, டாக்டரிடம் போனேன், பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு ஹோசூர் போனேன். இதற்குள் அவனை மரத்தடியிலிருந்து கிளப்பிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில், நடைபாதையில், ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் மேசையைப் போட்டிருந்தான். ஜனங்கள் பலரும் உள்ளே ஹாலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பழைய ஆட்கள் மட்டும் அவனைத் தேடி வந்தார்கள்.

ஒரு காலையில் அங்கே போனேன். கடிதம் பொய், அதை எழுதியது நான், சாய்தளம் விதிப்படி இல்லை என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். என் கன்னடம் அதற்குப் போதும், வீட்டிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அவனிடம்தான் போனேன். ஒரு கிழவிக்குப் பென்ஷன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். அவள் போகும்வரை பெஞ்சில் காத்திருந்தேன்.

"உக்காருங்க. என்ன விஷயமா?"

'ங்க' என்றான். அறுபது வருடத்தில் என்னை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. சொன்னேன். அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்து இயந்திரத்தில் ஏற்றினான்.

"பேரு?"

சொன்னேன்.

"அப்பா பேரு?"

சொன்னேன். அவனுடைய முதல் ஊன்றுகோலைச் சுரங்கத்து மரத்துண்டில் செதுக்கிக் கொடுத்தது என் அப்பாதான். அந்தப் பெயரை அவன் எழுத்து எழுத்தாகத் தட்டினான். முகவரி கேட்டான். அதையும் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். "தவறு நேர்ந்துடுச்சுன்னு மொட்டையா எழுதினா வாபஸ் அனுப்பிடுவாங்க. யார் செஞ்சதுன்னு தெளிவா இருக்கணும்."

"நான் செஞ்சேன்னு போடு."

போட்டான். முடித்ததும் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினான். நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல். எத்தனையோ பேருக்கு அவன் படித்துக் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் முதல்முறை.

"புரிஞ்சுதுங்களா? எதாச்சும் மாத்தணுமா?"

"இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடுங்க. ஒரு காப்பி ஆபீஸுக்கு. இன்னொண்ணுல சீல் வாங்கிக்கினு நீங்க வெச்சுக்கங்க."

"உனக்கு ஒண்ணு வேணாமா?"

"எனக்கு எதுக்குங்க? என்கிட்டதான் ஒரு லெட்டர் இருக்குதே."

தெருவைக் கடந்து போனேன். சாய்தளத்தின் அடியில் இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றன. மேலே காய்ந்த பூந்தொட்டிகள். படிகளில் ஏறி உள்ளே போனேன். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்த போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பேட்டாவும் சால்வையுமாக அவன். அந்தக் கட்டிடத்துக்குள் அவன் இருப்பது அந்தச் சட்டத்துக்குள் மட்டும்தான். வரிசையில் நிற்கும்போது அண்ணாந்து ஃபேன்களை எண்ணினேன். ஒன்பது. இரண்டு ஓடவில்லை. சீல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஃபேன் கணக்கை அவனிடம் சொல்லலாம் என்று தெருவோரம் நின்றேன். அவனிடம் வேறொருவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்கு ஓர் இளம்பெண் பொறியாளர் வந்தார். அளந்தார். என்னைக் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது, அதற்கும் ஆமாம் என்று பதில் எழுதினேன். அந்தப் பெண் அவனிடம் போய், அறிக்கைக்காகச் சாய்தளத்தில் ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டாராம். "கீழ நின்னு எடுத்துக்கம்மா" என்று சொல்லி, தெருவைக் கடந்து தானே நாற்காலியை உருட்டிப்போய் அடியில் நின்றானாம். ஏறப் பார்த்து, முன்சக்கரம் தரையிலிருந்து எழும்பும்போது அந்தப் பெண் படம் எடுத்தார். கார் ஷெட்டை இடித்துத் திருப்பத்தோடு புதிய சாய்தளம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கோப்பு மேலே போயிருக்கிறது. இன்னும் வரவில்லை.

இந்த வருடம் என் வீட்டு வாசல் படிகளை உடைத்தேன். மனைவியின் செம்பருத்தி வரிசையை எடுக்க வேண்டியிருந்தது. "இப்பதான் ஞாபகம் வந்துதா?" என்று மட்டும் கேட்டாள். தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மட்டக்கோல் வைத்துப் பார்த்துச் சாய்தளம் கட்ட வைத்தேன். டைல்ஸ் இல்லை, சொரசொரப்பான சிமெண்ட். இப்போது காஸ் சிலிண்டர்காரர் அதில் சுலபமாக உருட்டி வருகிறார். நல்லா இருக்கு சார் என்கிறார்.

போன வாரம் ஜெராக்ஸ் கடை ஓரத்துக்குப் போனேன். வேலை எதுவும் இல்லை. பெஞ்சில் யாரும் இல்லை.

"வீட்டு வாசல்ல ராம்ப் போட்டிருக்கேன்" என்றேன்.

அவன் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தான். விரல்களில் மை.

"எத்தினி அடி?"

"பதினெட்டு."

"மூணு படி. ஒன்றரை அடி உயரம்." மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான். "சரியாத்தான் இருக்குது."

நான் காத்திருந்தேன். ரிப்பனை மாட்டி, ஒரு தாளை ஏற்றி, இரண்டு எழுத்துத் தட்டி மை விழுகிறதா என்று பார்த்தான்.

"போட்டோ எடுத்தாச்சா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். மடியில் கந்தல் துணி வைத்திருந்தான். அதை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.